நிற்கும் பீங்கான், கரையும் பீங்கான்

(மயிலாப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மயிலாப்பூரில் நின்று எலும்பைப் பற்றிப் பேசுகிறவர் யாரும் பூம்பாவையை விட்டுவிட முடியாது. சிவநேசர் என்னும் வணிகரின் மகள் அவள். பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி மாண்டாள். தகனத்துக்குப் பிறகு எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டு வைத்து, ஞானசம்பந்தர் வரும் நாளுக்காகக் காத்திருந்தார் தகப்பனார். சம்பந்தர் வந்தார். கபாலீச்சரத்து விழாக்களை வரிசையாக எடுத்துச் சொல்லிப் பதிகம் பாடினார். பெண் எழுந்து வந்தாள் என்று பெரிய புராணம் சொல்கிறது. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் நாளன்று காலையில் இந்த நிகழ்ச்சியை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். உங்களில் பலர் குளக்கரையில் நின்று பார்த்திருப்பீர்கள்.

அருளின் கதையை நான் ஆராயப் போவதில்லை. அந்தக் குடத்தில் இருந்த பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

எலும்பைத் தீயில் இட்டால் முதலில் கருகும், பிறகு சாம்பல் நிறமாகும், வெப்பம் போதுமான அளவு ஏறிவிட்டால் வெளுத்துவிடும். கருகிப் போவது கொலாஜன் என்கிற புரதம். வெளுத்து மிஞ்சுவது தாதுப்பொருள். அதற்கு ஹைட்ராக்ஸி அபடைட் என்று பெயர். பத்து கால்சியம், ஆறு பாஸ்பேட், இரண்டு ஹைட்ராக்ஸில் சேர்ந்தது ஒரு அலகு. இது வேதியியல்படி அசல் பீங்கான். உங்கள் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதுதான். பிறக்கும்போதே உடம்புக்குள் பீங்கானோடுதான் பிறக்கிறோம் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான், ஒடிந்த இடத்திலும் தேய்ந்த இடத்திலும் மருத்துவர்கள் பீங்கானைத் தேடிப் போனதன் நியாயம் விளங்கும்.

எலும்பின் இன்னொரு பாதியையும் பார்க்க வேண்டும். அதற்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு கோழி எலும்பைச் சுத்தம் செய்து வினிகரில் சில நாள் ஊறவிடுங்கள். வினிகரின் அமிலம் தாதுவைக் கரைத்துவிடும். எடுத்துப் பார்த்தால் எலும்பு அதே வடிவத்தில் இருக்கும், ஆனால் வளைத்தால் வளையும், முடிச்சுகூடப் போடலாம். மிஞ்சியிருப்பது கொலாஜன். தீ ஒரு பாதியைக் கொண்டுபோகிறது, அமிலம் மறு பாதியைக் கொண்டுபோகிறது. இரண்டும் கூடியிருக்கும்போது மட்டுமே அது எலும்பு.

இந்த இரண்டு பாதிகளின் வரலாறும் நம் சர்தார் படேல் சாலையில் சந்திக்கிறது என்பது எனக்குப் பெருமையான விஷயம். அடையாற்றில் இறங்கி கிண்டிப் பக்கம் வரும் அந்தச் சாலையில் 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. நாம் சி.எல்.ஆர்.ஐ. என்று சொல்கிறோமே, அதுதான். தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன். 1952-இல் கோ.நா. ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். கிண்டி வளாகத்தில் அவருடைய ஆய்வகம். பிரிட்டனிலிருந்து ஊருக்கு வந்த அறிவியலாளர் பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதை எடுத்துக்கொண்டார். மாதிரிக்கு எங்கே போவது? பக்கத்திலேயே சி.எல்.ஆர்.ஐ. இருந்தது. அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் 'நேச்சர்' இதழில் அந்த அமைப்பை வெளியிட்டார். மறு ஆண்டு அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். மூன்று புரதச் சரங்கள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய அமைப்பு. மூன்றில் ஒரு அமினோ அமிலம் கிளைசீனாக இருந்தால்தான் அந்த முறுக்கு பொருந்தும். இன்று சி.எல்.ஆர்.ஐ. அரங்கத்துக்கு 'ட்ரிபிள் ஹெலிக்ஸ்' என்று பெயர் வைத்திருப்பது இதனால்தான்.

இந்தக் கொலாஜன் இழைகள் எலும்பில் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒரு மூலக்கூறின் முனைக்கும் அடுத்ததன் தலைக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. எலும்பின் தாது அங்கேதான் முதலில் படிகிறது. ஒரு படிகத்தின் கனம் இரண்டு மூன்று நானோமீட்டர்தான். பொடிப்பொடியான பீங்கான் தகடுகள் புரதத்தின் நடுவே செருகியிருப்பதால்தான் எலும்பு விறைப்பாகவும் இருக்கிறது, சட்டென்று உடையாமலும் இருக்கிறது. நாம் சூளையில் சுட்டுச் செய்கிற எந்தப் பீங்கானுக்கும் இந்த இரண்டும் சேர்ந்து வாய்க்கவில்லை. மருத்துவப் பீங்கானின் சிக்கல் அத்தனையும் இந்த ஒரு குறையிலிருந்து கிளம்புவதுதான்.

வடக்கு மாட வீதியில் புரட்டாசியில் கொலு பொம்மை வாங்குகிறோம். பரணில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பொம்மையை அடுக்கினாலும் கீழே இருப்பது தாங்குகிறது. கை தவறி விழுந்தால் ஒரே நொடியில் சில்லு சில்லாகிறது. பீங்கானின் சுபாவம் அதுதான். அமுக்கத்துக்கு அது அஞ்சாது, இழுப்புதான் அதற்கு எமன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும், இழுப்பு முழுவதும் அந்தக் கீறலின் முனையில் குவியும். இரும்பாக இருந்தால் முனை கொஞ்சம் நெளிந்து கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். பீங்கானுக்கு நெளியத் தெரியாது, கீறல் ஓடிவிடும்.

அப்படிப்பட்ட பொருளை இடுப்பு மூட்டில் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பிரான்சில் பியேர் பூத்தான் என்ற அறுவை மருத்துவருக்கு வந்தது. 1970-இல் அலுமினா என்னும் பீங்கானால் ஆன பந்தையும் கிண்ணத்தையும் சேர்த்து இடுப்பு மூட்டாகப் பொருத்தினார். அதற்கு முன்பே, 1960-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி உலோகப் பந்தும் பாலிஎதிலீன் கிண்ணமும் கொண்ட மூட்டை நிலைநாட்டியிருந்தார். அது அற்புதமாக வேலை செய்தது, இன்றும் செய்கிறது. குறை என்னவென்றால், வருஷக்கணக்கில் நடக்க நடக்க பிளாஸ்டிக் பொடியாகத் தேய்கிறது. அந்தப் பொடியை எதிரி என்று எண்ணி உடம்பின் காவல் செல்கள் விழுங்கப் பார்க்கின்றன. விழுங்க முடியாமல் அவை விடும் ரசாயனச் சமிக்ஞைகளால் சுற்றியுள்ள எலும்பே அரித்துப்போகிறது, மூட்டு தளர்கிறது. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இது பெரிய கவலையில்லை. முப்பத்தைந்து வயதில் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று மூட்டு கெட்டவருக்கு இது பெரிய கவலை. நம் நாட்டில் அந்த நோயோடு வருகிற இளைஞர்கள் நிறையப் பேர்.

அலுமினா கெட்டியான பொருள், கண்ணாடியைவிட வழவழப்பாக மெருகேற்றலாம். மெருகேற்றிய பரப்பில் நீர் பரவி நிற்கும், ஆகையால் மூட்டுத் திரவத்தின் படலம் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே விலகாமல் இருக்கும், தேய்மானம் மிகக் குறையும். உலோகத்திலிருந்து கசிவதுபோல அயனி எதுவும் ரத்தத்துக்குள் கசியாது. இதன் அருமை 2010-க்குப் பிறகுதான் பலருக்குப் புரிந்தது. உலோகத்தின்மேல் உலோகம் உரசும் ஒரு வகை இடுப்பு மூட்டை அந்த ஆண்டு ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்து பலர் அவதிப்பட்டார்கள். இந்தியாவிலும் பாதிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், நஷ்டஈட்டுக்கு அவர்கள் பல ஆண்டு போராட வேண்டியிருந்தது.

செராமிக் பந்தை நான் கையில் வைத்துக் காட்டும்போது எல்லோரும் மேற்பரப்பின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் அடிப்பக்கத்துத் துளையைப் பாருங்கள். தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகத் தண்டின் கூம்பு முனை அந்தத் துளையில் இறுகி உட்கார்கிறது. ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பின் பாரம் கூம்பை மேலும் உள்ளே தள்ளும், கூம்பு பந்தை உள்ளிருந்து பிளக்கப் பார்க்கும். பீங்கானுக்கு ஆகாத இழுப்பு அங்கே ஒளிந்திருக்கிறது. அதனால்தான் நல்ல அறுவை மருத்துவர் பந்தை மாட்டுவதற்கு முன் கூம்பைக் கழுவித் துடைத்து, ஒரு முறைக்கு இரண்டு முறை பார்ப்பார். நடுவில் ஒரு துணுக்கு எலும்போ சதையோ மாட்டிக்கொண்டால் அந்தப் புள்ளியில் பாரம் குவியும். பந்து உடைந்துபோனால் மறு அறுவை சங்கடமானது. கண்ணாடித்தூளுக்கு நிகரான சில்லுகளை மூட்டிலிருந்து முழுதாக எடுப்பது கடினம், மிஞ்சுகிற சில்லு அடுத்து வைக்கும் மூட்டையும் அறுத்துத் தள்ளும்.

தொடக்க கால அலுமினாப் பந்துகள் கொஞ்சம் அதிகமாகவே உடைந்தன. அதற்கு மாற்று என்று வந்தது சிர்கோனியா என்ற பீங்கான். இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன், என் துறையில் இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

சிர்கோனியாவின் படிகங்களுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. இட்ரியா என்ற ஆக்சைடைச் சிறிது சேர்த்துச் சுட்டால், உயர் வெப்பத்துக்கு உரிய படிக வடிவத்தை அறை வெப்பத்திலும் விடாமல் வைத்திருக்கும். ஒரு கீறல் ஓடி வந்தால், கீறலின் முனையில் இருக்கும் படிகங்கள் தங்கள் இயல்பான வடிவத்துக்கு மாறும். மாறும்போது நூற்றுக்கு நான்கு பங்கு அளவு பருத்துவிடும். பருத்த படிகங்கள் கீறலை நெருக்கி மூடும். நெளியத் தெரியாத பீங்கானுக்குக் கிடைத்த ஒரு தற்காப்பு இது. 1980-களிலும் 90-களிலும் லட்சக்கணக்கான சிர்கோனியாப் பந்துகள் நோயாளிகளின் இடுப்பில் ஏறின.

பிரான்சில் பிரோசிர் என்ற பெயரில் இந்தப் பந்துகளைச் செய்த நிறுவனம் 1998-இல் தன் சூளையை மாற்றியது. ஒரு தடவைக்கு ஒரு அடுக்கு என்று சுட்ட பழைய சூளைக்குப் பதிலாக, தொடர்ந்து நகர்ந்துகொண்டே சுடும் சுரங்கச் சூளை வந்தது. பொடி அதேதான், கலவை அதேதான், வடிவமும் அதேதான். சுடும் விதம் மட்டும் மாறியது. சோதனைகளில் பந்துகள் தேறின, விற்பனைக்குப் போயின. ஓரிரண்டு ஆண்டுகளில் நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே பந்துகள் வெடிக்கத் தொடங்கின. 2001-இல் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். மொத்தத்தில் சில நூறு பந்துகள் உடைந்துபோயின.

நடந்தது என்ன? காப்பாற்ற வேண்டிய அந்தக் குணமே பகையாகிவிட்டது. உடம்பின் வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்து, கீறல் எதுவும் இல்லாமலே படிகங்களை ஒவ்வொன்றாக வடிவம் மாறவைத்தன. நன்றாகச் சுட்ட, அடர்த்தியான சிர்கோனியாவில் இது மிக மெதுவாக நடக்கும், கவலையில்லை. புதிய சூளையில் சில தொகுதிகள் சுட்ட விதத்தில் அடர்த்தி குறைந்துபோனது. அதுவும் மெருகேறிய வெளிப்பரப்பில் குறையவில்லை, துளைப்பக்கத்தில் குறைந்தது. மாற்றம் அங்கே வேகமெடுத்தது.

பீங்கானின் தலையெழுத்தை எழுதுவது சூளை. சூத்திரம் ஒன்றுதான் என்று சொல்லி இரண்டு பீங்கானை ஒன்றாக மதிப்பிட முடியாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வெறும் சிர்கோனியாப் பந்துகளை இடுப்பில் வைப்பது ஏறக்குறைய நின்றுபோனது. இன்று செராமிக் மூட்டு என்று மருத்துவமனையில் சொன்னால், பெரும்பாலும் அலுமினாவுக்குள் கொஞ்சம் சிர்கோனியாத் துகளைக் கலந்து செய்த கலப்புப் பீங்கானைத்தான் சொல்கிறார்கள். வெளிர் ஊதா நிறத்தில் இருக்கும், பார்த்தால் தெரியும். நல்ல உற்பத்தியாளர்கள் ஒவ்வொரு பந்தின்மீதும் நடையில் வரக்கூடியதைவிட அதிகப் பாரத்தை ஏற்றிச் சோதித்துவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறார்கள். உடைவது இன்று அரிது.

சிர்கோனியா வேறொரு இடத்தில் செழிப்பாக வாழ்கிறது. தி. நகரில் தெருவுக்கு ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்கு 'சிர்கோனியா கேப் போட்டுக்கொள்கிறீர்களா' என்று கேட்பார்கள். அந்தக் கேப் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? பல்லின் அளவு கணினிக்குப் போகும். ஆய்வகத்தில் 98 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளை வட்டத் தட்டு ஒன்றை இயந்திரத்தில் மாட்டுவார்கள். அரைகுறையாகச் சுட்ட சிர்கோனியா அது. கத்தியால் கீறினால் மாவு உதிரும். அதைக் கடைந்து பல் வடிவம் எடுப்பார்கள். ஆனால் பல்லைவிட நாலில் ஒரு பங்கு பெரிதாக. அதற்கு நிறம் பூசி, 1,500 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுடுவார்கள். வெளியே வரும்போது எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, உங்கள் பல்லில் மயிரிழை பிசகாமல் உட்காரும் அளவுக்கு வந்திருக்கும். உள்ளே போனபோது உதிர்ந்த பொருள், வெளியே வரும்போது வைர ஊசி இல்லாமல் அறுக்க முடியாத பொருள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இதுவரை சொன்னவை நிற்கும் பீங்கான்கள். உடம்போடு எந்தப் பேச்சும் வைத்துக்கொள்ளாமல், மாறாமல், தேயாமல் இருப்பதே அவற்றின் தர்மம். எலும்பில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது, கட்டியைச் சுரண்டி எடுத்த இடம் வெறுமையாக இருக்கிறது, பல் விழுந்து தாடை எலும்பு கரைந்துவிட்டது என்றால், அங்கே நிற்கும் பீங்கானை வைப்பது தப்பு. அங்கே வேண்டியது, கொஞ்ச காலம் இருந்து எலும்பு வளர இடம் கொடுத்துவிட்டுக் கரைந்து போகிற பொருள். நம் எலும்புக்கூடு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு புதிதாகிக்கொண்டே இருக்கிறது. ஒருவகைச் செல்கள் அமிலம் விட்டுப் பழைய எலும்பைக் கரைக்கும், இன்னொரு வகைச் செல்கள் பின்னாலேயே வந்து புது எலும்பை இடும். கரையும் பீங்கான் அந்தச் செல்களிடம் தன்னை ஒப்படைத்துவிட வேண்டும்.

எவ்வளவு வேகத்தில் கரைவது என்பதில்தான் வித்தை எல்லாம் இருக்கிறது. 1892-இலேயே ஜெர்மனியில் டிரேஸ்மன் என்ற மருத்துவர் எலும்புக் குழிகளை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு நிரப்பினார். அது சில வாரங்களில் கரைந்துவிடும். எலும்பு வளர மாதங்கள் ஆகும், அதற்குள் பள்ளம் மறுபடி பள்ளமாகிவிடும். நன்றாகச் சுட்ட ஹைட்ராக்ஸி அபடைட் நேர் எதிர், ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ட்ரைகால்சியம் பாஸ்பேட் இரண்டுக்கும் நடுவில். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் பெரும்பாலும் கரையும். ஆகையால் பின்னவை இரண்டையும் வேண்டிய விகிதத்தில் கலந்து சுடுகிறார்கள்.

துளைகளும் முக்கியம். ரத்தக் குழாய் உள்ளே போகாமல் எலும்பு வளராது. நூறு மைக்ரானுக்குக் குறையாத, ஒன்றோடொன்று வழி இருக்கிற துளைகள் வேண்டும். கடல் பவளத்தில் இயற்கையாகவே அப்படித் துளைகள் உண்டு. 1974-இல் அமெரிக்காவில் டெல்லா ராய் பவளத்தின் சுண்ணாம்பைத் துளை கெடாமல் ஹைட்ராக்ஸி அபடைட்டாக மாற்றும் முறையை வெளியிட்டார். ஆனால் துளை கூடக்கூட வலிமை குறையும். சுமை தாங்குகிற தொடை எலும்பின் நடுத்துண்டை எடுத்துவிட்டு அங்கே துளைப் பீங்கானை மட்டும் வைத்து யாரையும் நடக்கவிட முடியாது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு எலும்புப் புற்றோடு வருகிறவர்களில் பதின்வயதுப் பிள்ளைகள் அதிகம். அந்த நோயே அந்த வயதைத்தான் குறிவைக்கிறது. ஒரு காலத்தில் காலை எடுப்பதுதான் வழி. சென்னையில் மயில்வாகனன் நடராஜன் போன்ற எலும்பு மருத்துவர்கள் ஒவ்வொருவரின் அளவுக்கும் தனித்தனியே செய்த பெரிய உலோக மூட்டுகளைப் பொருத்திக் கால்களைக் காப்பாற்றினார்கள். அங்கே பாரம் சுமப்பது உலோகம்தான். பீங்கான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, உலோகத்தின்மேல் எலும்பு ஒட்டுவதற்கான மெல்லிய பூச்சாக மட்டும் வருகிறது. பீங்கானில் எல்லாம் முடியும் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை.

கரையும் பீங்கான்களில் மிகவும் வியப்பூட்டுவது ஒரு கண்ணாடி. 1967-இல் லாரி ஹென்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கருத்தரங்குக்குப் போகும் பேருந்தில், வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். கதிர்வீச்சைத் தாங்கும் பொருள் செய்கிறீர்களே, மனித உடம்பைத் தாங்கும் பொருள் செய்ய முடியாதா என்று அதிகாரி கேட்டார். கால் கைகளை இழந்த சிப்பாய்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். ஹென்ச் சிலிக்காவோடு சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் சேர்த்து 1969-இல் ஒரு கண்ணாடி உருக்கினார். எடையில் 45 பங்குதான் சிலிக்கா. சாதாரண ஜன்னல் கண்ணாடியில் 70 பங்குக்கு மேல் இருக்கும். எலிகளின் எலும்பில் வைத்து ஆறு வாரம் கழித்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்போடு ஒட்டிவிட்டது. உடல் திரவம் பட்டதும் கண்ணாடியிலிருந்து சோடியம் வெளியேறும், மேற்பரப்பு சிலிக்கா கூழாக மாறும், அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து சில மணி நேரத்தில் எலும்பின் அபடைட்டாகவே படிகமாகும். அந்தப் படலத்துக்குள் கொலாஜன் இழைகள் சிக்கிக்கொள்ளும். அந்நியப் பொருளை அடையாளம் காட்டும் எல்லை அங்கே இல்லாமல் போகிறது. காதுக்குள் இருக்கும் சின்ன எலும்புக்கு மாற்றாக அது 1980-களில் மனிதர்களுக்குப் பயன்பட்டது. பல் கூச்சத்துக்கான சில பற்பசைகளில் இன்று இருப்பதும் அந்தக் கண்ணாடிப் பொடிதான்.

அபடைட் பிற அயனிகளைத் தாராளமாக உள்ளே விடும். அதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். அது எலும்பு அபடைட்டின் ஹைட்ராக்ஸில் இருக்கும் இடத்தைப் பிடிக்கும். எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு அடர்த்தியாகத் தெரியும், ஆனால் மூட்டு இறுகும், எலும்பு நொறுங்கும். அந்த மக்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது வெறும் குடிநீர்த் திட்டமல்ல, எலும்பைக் காக்கும் திட்டம். இதே தாராளத்தை ஆய்வாளர்கள் நல்லதுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஸ்ட்ரான்ஷியம், துத்தநாகம், வெள்ளி என்று எலும்பு வளர்ச்சிக்கோ கிருமியை அடக்கவோ உதவுகிறவற்றை அபடைட்டுக்குள் ஏற்றுகிறார்கள்.

இந்த வேலைகளில் ஒரு பங்கு நம் ஊரிலும் நடந்திருக்கிறது. ஐ.ஐ.டி.யில் சம்பத்குமார் குழுவினர் முட்டை ஓட்டிலிருந்து நானோ அளவு ஹைட்ராக்ஸி அபடைட் செய்து 2007-இல் வெளியிட்டார்கள். முட்டை ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட்தான். அதைச் சுட்டு, பாஸ்பேட் சேர்த்து, மைக்ரோவேவ் கதிரில் காட்டினார்கள். நாமக்கல் இருக்கிற மாநிலத்தில் இதைவிட மலிவான மூலப்பொருள் வேறு என்ன இருக்கிறது! அதே சாலையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்தில் நாராயண கல்குராவும் அவருடைய மாணவர்களும் அபடைட்டைப் பற்றி நெடுங்காலம் உழைத்தார்கள். சி.எல்.ஆர்.ஐ.யில் கொலாஜனையும் ஹைட்ராக்ஸி அபடைட்டையும் மறுபடி சேர்த்து எலும்பு நிரப்பிகள் செய்து பார்த்தார்கள். வினிகரும் தீயும் பிரித்த இரண்டு பாதிகளையும் திரும்பச் சேர்க்கிற முயற்சி அது.

இத்தனை இருந்தும், தி. நகர்ப் பல் மருத்துவரின் அலமாரியைத் திறந்தால் எலும்புப் பொடிக் குப்பிகளில் சுவிஸ், ஜெர்மன், கொரியப் பெயர்களை நிறையப் பார்க்கலாம். ஒரு கிராமுக்கும் குறைவான பொடி அதில் இருக்கும். கதிர்வீச்சில் கிருமி நீக்கிய குப்பியைத் திறந்து, நோயாளியின் ரத்தத்திலேயே குழைத்து, ஈரமான மணலாய்க் கட்டியானதும் தாடைக் குழியில் மெல்ல வைத்து அடைப்பார். அந்தப் பொடிக்கு நோயாளி கொடுக்கும் விலை அவருக்குப் பாரம். அந்தப் பொடியை நம்மால் செய்ய முடியாததாலா இப்படி? செய்யத் தெரியும் என்பதற்கு ஆய்வுக் கட்டுரைகளே சாட்சி.

என் கணிப்பு இது. ஆய்வகத்தில் ஐந்து கிராம் செய்வது ஒரு வேலை. நூறாவது கிலோவும் முதல் கிராமைப் போலவே இருக்கும்படி செய்வது முற்றிலும் வேறு வேலை. பிரான்சில் ஒரு சூளை மாறியதற்கு நூற்றுக்கணக்கானோர் விலை கொடுத்தார்கள் என்று சொன்னேன். அந்த ஒழுங்கைக் கொண்டுவர சூளைக்கு, சோதனைக்கு, விலங்கு ஆய்வுக்கு, மருத்துவமனைச் சோதனைக்கு என்று பத்து ஆண்டுப் பணமும் பொறுமையும் வேண்டும். நம் பல்கலைக்கழகங்கள் கட்டுரையை எண்ணுகின்றன, ஒரே தரத்தில் வந்த இருபதாவது தொகுதியை யாரும் எண்ணுவதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, வேதனையாகச் சொல்கிறேன். என் சாலையில் பிறந்த அறிவு என் சாலையில் இருக்கும் நோயாளிக்குப் போய்ச் சேர நடுவில் ஒரு பாலம் வேண்டும்.

அந்தப் பாலத்தைக் கட்டிக் காட்டியவர்கள் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார். இதய அறுவை மருத்துவர் வலியத்தான் தலைமையில் இதய வால்வு செய்யப் புறப்பட்டார்கள். இடையில் முயன்ற வடிவங்களில் நீலமணித் தட்டும் வைத்துப் பார்த்தார்கள். நீலமணி என்பது ஒற்றைப் படிக அலுமினா, அதுவும் பீங்கான் குடும்பம்தான். அது சரிவரவில்லை. அதை விட்டுவிட்டு மிக உயர் மூலக்கூறு எடைப் பாலிஎதிலீன் தட்டுக்கு வந்து, நான்காவது வடிவத்தில் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது நம் சென்னையின் டி.டி.கே. நிறுவனம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலேயே ஹரிகிருஷ்ண வர்மா குழுவினர் ஹைட்ராக்ஸி அபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட், கால்சியம் சிலிகேட் மூன்றும் சேர்ந்த எலும்பு நிரப்பியை உருவாக்கினார்கள். மூன்று தடவை தோற்றும் சூளையை மூடாமல் காத்திருக்கும் மனநிலையும், அதற்குப் பணம் கொடுக்கும் ஒருவரும் இருந்தால் சர்தார் படேல் சாலையிலும் இது நடக்கும். நடக்க வேண்டும்.

இந்த அவையில் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், மாற்றப் போகிறவர்கள், பல்லுக்குக் கேப் போட்டவர்கள் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகச் சில வார்த்தைகள்.

விலை அதிகமானதெல்லாம் உங்களுக்கு ஏற்றது என்று எண்ண வேண்டாம். வயது எழுபதைத் தாண்டியவருக்கு உலோகப் பந்தும் நல்ல பாலிஎதிலீன் கிண்ணமும் வாழ்நாளுக்குப் போதுமானதாக இருக்கும். இளவயதில் மூட்டு மாற்ற நேர்ந்தால் செராமிக் பந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், என்ன வகை என்றும் கேளுங்கள். முழங்காலில் சூழ்நிலை வேறு. அங்கே பெரும்பாலும் உலோகமும் பிளாஸ்டிக்கும்தான். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுக்கு உச்சவிலை நிர்ணயித்தபோது கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் மற்றும் ஆக்சிஜனேற்றிய சிர்கோனியம் வகைக்கு 76,600 ரூபாய் என்று அறிவித்தது. வரி தனி. இந்த ஆக்சிஜனேற்றிய சிர்கோனியம் என்பது சிர்கோனியம் உலோகத்தைக் காற்றில் சூடாக்கி, மேற்பரப்பில் சில மைக்ரான் கனத்துக்கு மட்டும் பீங்கானாக மாற்றியது. உள்ளே உலோகத்தின் நெளிவு, வெளியே பீங்கானின் வழவழப்பு. உலோகத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதைச் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. மூட்டோ திருகோ நிரப்பியோ எது உள்ளே வைத்தாலும் அதன் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். செய்தவர் பெயர், பொருள், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அறுவை அரங்கில் அதை உரித்து உங்கள் கோப்பில் ஒட்டுவார்கள். வீட்டுக்குப் போகும் அன்றே அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள், கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். பிரான்சில் பந்துகளைத் திரும்பப் பெற்றபோது எந்தத் தொகுதி எந்தச் சூளையில் வெந்தது என்பதை எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். எண் தெரிந்த நோயாளிக்குத் தகவல் போனது. மூட்டு மாற்றிப் பதினைந்து ஆண்டு கழித்து, மருத்துவமனையே இடம் மாறியிருக்கலாம், கோப்பு அழிந்திருக்கலாம். அப்போதும் உங்கள் இடுப்பில் இருப்பது இன்னதென்று சொல்ல அந்த எண் ஒன்றுதான் இருக்கும்.